அரம் கடித்த இரும்பு

மொன்டானாவின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் ராய்ஸ் ஹால்வர்சன் செய்த துப்பாக்கி என்றால், யாரானாலும் முதலில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைத்தான் இழுத்துப் பார்ப்பார்கள். சுண்டுவிரலால் தள்ளினால் போதும், அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய் நிற்கும். "வெண்ணெய்!" என்பான் ராய்ஸ். வந்தவனும் வெண்ணெய் என்று ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்றைக்கு ராய்ஸுக்குச் சோறு இறங்காது. அடுத்த கொட்டகையில் டிராக்டர் பழுது பார்க்கிற எனக்கு இந்த வெண்ணெய்ப் புராணம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆனாலும் அவன் நல்ல வேலைக்காரன். மர ஆலையில் ரம்பங்களுக்குத் தண்டு கடைந்துகொண்டிருந்தவன், ஆலை மூடியதும் ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டு, துப்பாக்கியின் போல்ட்டையும் அது ஓடுகிற கூட்டையும் தானே வரைந்து தானே கடைய ஆரம்பித்தான். போல்ட்டின் நுனியில் இரண்டு காதுகள் இருக்கும். அவை கூட்டுக்குள் திரும்பிப் பூட்டிக்கொள்வதால்தான் தோட்டா வெடிக்கிற வேகம் சுடுகிறவர் முகத்தில் அடிக்காமல் நிற்கிறது. ராய்ஸ் எடுத்துக்கொண்டது இளக்கமான எஃகு. கடைந்து முடித்ததைக் கரிப்பொடியோடு பெட்டியில் அடைத்து, உலையில் பழுக்க வைத்து, எண்ணெயில் தோய்ப்பான். மேல்தோல் மட்டும் இறுகும், உள்ளே இரும்பு இளக்கமாகவே இருக்கும். அந்தத் தோல் நகத்தின் கனத்துக்கு மேல் இராது. அதற்குப் பிறகு காதுகள் நன்றாகப் பதிய, அராவுகிற பசை தடவிக் கொஞ்சம் தேய்க்க வேண்டும். கொஞ்சம்தான். ராய்ஸோ வெண்ணெயாக வழுக்க வேண்டும் என்று ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் முடிகிறவரை தேய்ப்பான்.

வேட்டை தொடங்குவதற்கு முன்னால் ஊரே சுடும் திடலுக்கு வந்து துப்பாக்கிக்குக் குறி சரிபார்ப்பது வழக்கம். அந்த வருஷம் ஆர்லிஸ் தன் ராய்ஸ் துப்பாக்கியோடு வந்திருந்தாள். வெடிமருந்தை அளந்து போட்டு அவளுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுப்பது அவள் புருஷன் மெர்ல். முழங்கால் போன பிறகு அவன் மலை ஏறுவதில்லை, தோட்டாவும் வண்டியோட்டுவதும்தான் அவனுக்கு மிச்சம். ஆர்லிஸ் சுட்டாள். போல்ட் மேலே தூக்க வரவில்லை. உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

"என்ன ராய்ஸு, உன் வெண்ணெய் உறைஞ்சு போச்சே!"

கூட்டம் சிரித்தது. ராய்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. வெடித்த தோட்டாவின் வெறும் உறையைக் கையில் வாங்கி ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான், மெர்லைப் பார்த்துக் கத்தினான்.

"யோவ் மெர்லு, மருந்த அள்ளிக் கொட்டிட்டியா? ஒரு கண்ணுலதான ஆபரேஷன் பண்ணாங்க? இன்னொண்ணையும் பண்ணிக்கய்யா, பொண்டாட்டி பொழைக்கட்டும்!"

இந்தமுறை சிரிப்பு மெர்ல் பக்கம் திரும்பியது. "அளந்துதான்பா போட்டேன்," என்றான் அவன். யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, இன்னொரு தடவையும் சொன்னான். பிறகு ஆர்லிஸ் அவனைக் கையைப் பிடித்து வண்டிக்குக் கூட்டிப் போனாள்.

அடுத்த வாரம் இன்னொருவன் தன் ராய்ஸ் துப்பாக்கியைக் கொண்டுவந்தான். போல்ட் அதே மாதிரி இறுகியிருந்தது. இவன் சுட்டதோ கடையில் வாங்கிய தோட்டா. கொஞ்ச நேரத்தில் ராய்ஸ் போல்ட்டும் அரமுமாக என் கொட்டகைக்கு வந்து நின்றான்.

"நீ தேச்சுப் பாரு."

இறுகிய தோல் என்றால் அரம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். போல்ட்டின் காதில் அரத்தை வைத்து இழுத்தேன். கடித்தது, பொடி உதிர்ந்தது.

"என்னய்யா இது, பச்சை இரும்பா இருக்கு?"

"தோல நானே தேச்சு எடுத்துட்டேன்." போல்ட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "ஒவ்வொரு தடவ சுடும்போதும் காது அமுங்கிப் பின்னால வருது, அதான் இறுகிக்குது. ஒருநாள் தோட்டா உள்ளயே கிழிஞ்சு மூஞ்சில அடிக்கும். எல்லாத்தையும் திரும்ப வாங்கணும். சும்மா எண்ணெய் போட்டுத் தரேன்னு கூப்பிட்டுடலாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கூப்பிடு. எண்ணெய்க்கு வராதவன் மலையில செத்தா என்ன சொல்லுவ? மெர்லுக்கு என்ன சொல்லுவ?"

அவன் போல்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் சனிக்கிழமை திடலில் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினான். "என் துப்பாக்கி எதையும் யாரும் சுடாதீங்க. தப்பு என்னோடது. மெர்லோட தோட்டால ஒண்ணுமில்ல," என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகத் துப்பாக்கியை அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் மெர்லைத் தேடினார்கள், அவன் வந்திருக்கவில்லை.

அவன் வீட்டுக்குத் தனியாகப் போக ராய்ஸுக்குக் கால் வரவில்லை, என்னையும் இழுத்துக்கொண்டான். ஆர்லிஸ் காபி ஊற்றினாள். ராய்ஸ் அதைத் தொடாமல், கோப்பையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

மெர்ல் தன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்ப நான் போட்ட அளவு சரிதானா?"

"சரிதான்."

"அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் மீதித் தோட்டா மொத்தத்தையும் பிரிச்சேன்பா. ஒவ்வொண்ணா நிறுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ராய்ஸே சொல்லிட்டான், அவன் தப்பாச் சொல்ல மாட்டான், நம்ம கண்ணுதான் பொய் சொல்லுதுன்னு நினைச்சுக்கிட்டேன். அதுலேர்ந்து வண்டியும் எடுக்கறதில்ல."

திட்டியிருந்தால் ராய்ஸ் தாங்கியிருப்பான். கன்னமெல்லாம் வெந்து, எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

ஆர்லிஸ் உள்ளே போய் வண்டிச் சாவியை எடுத்துவந்து மெர்ல் முன்னால் வைத்தாள். "கேட்டீங்கல்ல? உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. போங்க, கடைவரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க."

மெர்ல் சாவியை ஒரு தடவை கையில் எடுத்தான். பிறகு அதை மெதுவாக அவள் பக்கமே தள்ளினான்.

"நீயே ஓட்டும்மா," என்றான்.