முற்றத்தில் விழுந்த தோடு

எங்கள் குடும்பத்துப் பொறுமை முழுவதும் சின்னம்மாவுக்கே போய்விட்டது. பின்னாளில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்த எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சிக்குப்பட்ட என் பட்டநூலை ஓரிடத்திலும் அறுக்காமல், பின்னேரம் முழுக்க இருந்து எடுத்துத் தருவாள். கணக்கு மட்டும் அவளுக்கு வராது.

போர் முடிந்தும் சித்தப்பா திரும்பி வரவில்லை. சின்னம்மா கொக்குவிலில் எங்களோடு வந்து இருந்தாள். பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு புடவைக்கடையில் சேர்த்துவிட்டார்கள். எத்தனை சேலையென்றாலும் முகம் சுளிக்காமல் விரித்துக் காட்டுவாள். துணி அளந்து விலை சொல்லும்போது தடுமாறுவாள். பிறகு மருந்துக்கடை. குளிசை எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். இரண்டு இடத்திலும் நிறுத்திவிட்டார்கள்.

இனி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவதுதான் வழி என்றார் மாமா, அம்மாவின் அண்ணன்.

"அங்கையும் பிள்ளைக்குப் பால்மா கரைக்கக் கரண்டி எண்ண வேணுமே, அண்ணை," என்றாள் சின்னம்மா. மாமாவுக்கே சிரிப்பு வந்தது. அம்மா அழுதாள்.

அதற்குள் முகமாலையில் வேலை கிடைத்தது. விடியப்புறம் ஒரு வான் வந்து ஏற்றிப்போகும். போரில் மண்ணுக்குள் புதைத்த மிதிவெடி எடுக்கும் வேலை என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தென்னங்காணி துப்புரவாக்கும் வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தோடு முற்றத்தில் விழுந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் காலால் மண்ணைக் கிளறினோம். சின்னம்மா எங்களை விறாந்தையில் ஏற்றிவிட்டு, வேலியோரம் முழந்தாளிட்டாள். ஒரு சாண் மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டி, விரலால் தடவி, பார்த்து முடிந்த இடத்தில் ஈர்க்கு குத்திவிட்டு நகர்ந்தாள்.

"இப்பிடித் தேடினா தீவாளிக்குத்தான் தோடு போடுவன்," என்றாள் அம்மா.

"போடுங்கோவன் அக்கா."

வெயில் ஏறியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாழையடியில் ஏதோ மினுங்கியது. "கண்டிட்டன்!" என்று குதித்து ஓடினேன்.

"நில்லடா!"

அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நடு முற்றத்தில் நின்றுவிட்டேன்.

"காலை எடுக்காதை. அப்பிடியே நில். நான் வாறன்."

என் அடிச்சுவடுகளில் மட்டும் கால் வைத்து, ஒவ்வோர் அடியாக வந்தாள். அம்மா விறாந்தையிலிருந்து மெல்லச் சொன்னாள்: "எடியே, இது எங்கடை முற்றமடி."

சின்னம்மா என் காலைத் தூக்கி, உள்ளங்காலைத் தடவிப் பார்த்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "ஓம்," என்றாள், யாருக்கோ.

வாழையடியில் மினுங்கியது போத்தல் துண்டு. அவள் விட்ட இடத்துக்கே திரும்பிப்போய்த் தொடங்கி, பொழுது சாயும் நேரம் தோட்டை எடுத்தாள். மறுநாள் விடிய வான் வந்தது. ஏறிப்போனாள்.

தோட்டை மிதித்துவிடுவேன் என்றுதான் கத்தினாள் என அப்போது நினைத்தேன். தோட்டைப் பற்றிய கோபம் என்றால் என் காலை ஏன் அவ்வளவு நேரம் விடாமல் வைத்திருந்தாள் என்பதுதான் விளங்கவில்லை.