அக்காவின் மிஸ்டு கால்

2007 ஜூன் நாலாந்தேதி, திங்கட்கிழமை. ஜெபக்குமார் பூண்டு மூட்டை ஏற்றி வர ஜீப்பை எடுத்துக்கொண்டு வெள்ளனே பூம்பாறைக்குக் கிளம்பினான். அக்கா கேத்தரின் ரோடுவரை வந்து, "ஓட்டும்போது செல்லைத் தொட்டே, கையை ஒடிச்சுருவேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

சும்மா சொல்லவில்லை. கொடைக்கானலில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் நர்ஸ். கையில் செல் வந்த பிறகு இளவட்ட டிரைவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு வருவது கூடிப்போயிற்று. தையல் போட்டுப் போட்டு அலுத்தவள், 'வண்டி ஓடும்போது செல் வேண்டாம்' என்று தானே நோட்டீஸ் எழுதி, ஸ்டாண்டில் நிற்கும் ஜீப்புகளில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், கண்ணாடியில இம்புட்டுப் பெருசா ஒட்டுனா ரோடு எப்படித் தெரியும்?" என்பான் டிரைவர் நல்லுசாமி. "நேத்து இதைப் படிச்சுக்கிட்டேதான் மாட்டுமேல விடப் பாத்தேன்."

ஸ்டாண்டே சிரிக்கும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று மதியம் ஜெபக்குமாரே நெற்றியில் ரத்தத்தோடு வந்து நின்றான். வளைவில் ஜீப் பள்ளத்தில் இறங்கி, மரத்தில் முட்டி நின்றிருக்கிறது. மரம் இல்லாவிட்டால் ஆள் இல்லை.

"ஏலே, எவ கூப்பிட்டா?" என்றாள், ஊசியில் நூலைக் கோத்தபடி.

"நீதான்."

"நான் எங்கடா பேசுனேன்? மிஸ்டு கால்தானே குடுத்தேன்."

"யாருன்னு எடுத்துப் பாக்கணும்ல? உடனே நான் திருப்பி ஒரு ரிங் விடலைன்னா, செத்துட்டேன்னு அழுவே."

காசில்லாமல் சேதி கேட்க மலையில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். டிரைவர்களையே திட்டிக்கொண்டிருந்தவள், வீட்டில் இருப்பவர்களை நினைக்கவே இல்லை. தன்னையும்தான்.

அடுத்த வாரம், 'வண்டியில் போனவர்களுக்கு மிஸ்டு கால் கொடுக்காதீர்கள்' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒட்டினாள். மருந்துக்கு வந்த மூக்கம்மா சண்டைக்கு நின்றாள். அவள் மகனும் ஜீப் ஓட்டுகிறவன்.

"அப்ப மகன் போய்ச் சேந்தானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போய் நிறுத்திட்டு அவனே கூப்பிடுவான்ம்மா."

"என் மகனா? கூப்பிட்டுக் கிழிச்சான்."

கேத்தரினின் தம்பியும் கூப்பிடுகிற ஜாதி இல்லை. அவன் கிளம்பியதும் செல்லை டிராயரில் வைத்துப் பூட்டுவாள். கை அரிக்கும். அவன் திரும்பி வரும்வரை கண்ணில் பட்ட நோயாளிகள்மேல் எல்லாம் எரிந்து விழுவாள். மாதக்கணக்கில் இதே கதைதான்.

நவம்பரில் ஒருநாள் டிராயரைத் திறந்தபோது செல்லில் ஒரு எஸ்.எம்.எஸ். வந்து கிடந்தது.

"பூம்பாறை வந்துட்டேன். வண்டி நிக்குது. பாவம், அந்த நோயாளிகள விட்டுரு."