செங்கொடி எழுதிய அறிக்கையின் இரண்டாம் பாதி

திருவொற்றியூரில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த மருத்துவமனையில் செங்கொடி நர்ஸாகச் சேர்ந்தது 1991ஆம் ஆண்டு. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மகளுக்கு ஆசையாகக் கொடியின் பெயரை வைத்தார். மகளோ எதற்கும் கொடி பிடித்ததில்லை. தான் உண்டு, தன் வார்டு உண்டு என்றிருந்தவள்.

மணலி ஆலைகளில் வெந்த கைகள், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பலை மூச்சிழுத்து இருமும் நெஞ்சுகள், இறால் முள் குத்திச் சீழ் வைத்த கத்திவாக்கத்து மீனவர் கால்கள் எல்லாம் அந்த ஆண்கள் வார்டுக்கு வரும். நாள் முழுக்க ஊசி. போட்ட ஊசியைக் கழித்துப்போட அங்கே தனிப் பெட்டி கிடையாது. பஞ்சு, கட்டுத்துணி, ஊசி எல்லாம் ஒரே கறுப்புப் பிளாஸ்டிக் பையில் விழும். தாயம்மா என்ற துப்புரவுப் பெண் அதை இடுப்பில் அணைத்துத் தூக்கிப் போவாள். ஒரு மழைக்காலத்தில் பையைக் கிழித்துக்கொண்டு ஓர் ஊசி அவள் தொடையில் இறங்கியது.

அதற்குப் பிறகுதான் ஜஹானாரா ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாள். ராயபுரத்துக்காரி, செங்கொடியோடு ஒரே ஷிஃப்ட். போட்ட ஊசிக்கு மறுபடி மூடி மாட்டித்தான் பையில் போடுவாள்.

"இன்னாத்துக்குடி இத்தினி மெனக்கெடற?" என்று செங்கொடி கேட்டாள்.

"அந்தம்மா இடுப்புல கொயந்த மாரி தூக்கிகினு போவுது. நாம மூடுனா ஒரு நிமிசம். குத்துச்சுனா அவுங்க வூடே பேஜாராப் பூடும்."

வார்டில் எல்லோரும் மூடத் தொடங்கினார்கள். செங்கொடியும்.

1998 பிப்ரவரியில் ஒரு நோயாளி தூக்கக் கலக்கத்தில் கையை உதறினார். அப்போது ஜஹானாரா ஒரு கையில் அவருக்குப் போட்ட ஊசியும் மறு கையில் மூடியுமாக நின்றிருந்தாள். அவர் கை பட்டு ஊசி மூடியை விட்டு விலகி இடது ஆள்காட்டி விரலில் ஏறியது. நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடு என்று சொன்னவள் செங்கொடிதான். "மூடி மாட்டும்போது குத்தியது" என்று ஜஹானாரா எழுதிக் கொடுத்தாள். நோயாளிக்கு ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலை இருந்தது பிறகு தெரியவந்தது. மே மாதம் ஜஹானாராவின் கண்கள் மஞ்சளாயின.

ராயபுரத்துத் தண்ணீரில் வராத காமாலையா என்று நிர்வாகம் கேட்டது. நீண்ட விடுப்பு என்றார்கள். பிறகு வேலைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். மேல்முறையீடு செய்யலாம், அறக்கட்டளைக் குழு விசாரிக்கும் என்று ஒரு வழியை மட்டும் விட்டுவைத்தார்கள். ஊசி குத்துவது வேலையில் பட்ட காயம் என்று பொறுப்பான யாராவது எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அப்படி ஒரு தாள் இருந்தால் ஜஹானாராவுக்கு வேலையும் வைத்தியமும் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் இரண்டும் இல்லை.

செங்கொடி முதன்முறையாகச் சங்கத்தின் படி ஏறியது அதற்காக.

பணிச் செவிலியர் பேரவை என்று பெயர். ராயபுரத்தில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒரு விஷயத்தில் செவிலியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை எழுதி, வாக்கெடுத்து, முத்திரையிட்டு வெளியிடும் தாளுக்கு அங்கே நிலைப்பாட்டு அறிக்கை என்று பெயர். உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். செயற்குழு ஏற்றால் வரைவுக் குழு எழுதும். வரைவு எல்லாக் கிளைகளுக்கும் போகும். கிளைகளின் கருத்தைப் பார்த்துத் திருத்தி, ஆண்டுப் பொதுக்குழுவில் கை தூக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு அது சங்கத்தின் வாக்கு.

தலைவி தேவப்பிரியம் பெரிய மருத்துவமனை ஒன்றில் மேட்ரன். கஞ்சி போட்ட புடவை, குரலை உயர்த்தாத பேச்சு.

"அறிக்கைங்கறது கோஷம் இல்லம்மா. ஒருத்திக்காக எழுதறதும் இல்ல. எல்லாருக்கும் பொருந்தணும். எழுதுவியா?"

"எழுதுவேன் மேடம்."

"ஜஹானாரா பேர் எங்கயும் வரக்கூடாது."

"வராது மேடம்."

பெயர் வராமலே எழுதினாள். வரைவுக் குழுவில் மூன்று பேர் என்றாலும் பேனா அவள் கையில்தான் இருந்தது. முதல் பாதியில், பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது, அப்படியே கெட்டிச் சுவருள்ள பெட்டியில் விட வேண்டும் என்று எழுதினாள். இரண்டாம் பாதியில், அந்தப் பெட்டியையும் தடுப்பூசியையும் கொடுப்பது மருத்துவமனையின் கடமை, கொடுக்காத இடத்தில் ஊசி குத்தினால் அது வேலையில் பட்ட காயம், வைத்தியமும் வேலையும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று எழுதினாள். ஒரு பாதி இல்லாமல் மறு பாதிக்கு அர்த்தமில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

வரைவு கிளைகளுக்குப் போனது. கிளைகளில் படித்துக் கருத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேட்ரன்கள். பெட்டி வாங்கித் தா என்று நாளை நிர்வாகத்திடம் போய் நிற்க வேண்டியவர்களும் அவர்கள்தான். முதல் பாதி அருமை என்று எல்லாக் கிளையும் எழுதியது. இரண்டாம் பாதி வேறு பொருள் என்றும் எழுதியது.

"ஓர் அறிக்கைக்கு ஒரே பொருள்னு நம்ம விதி," என்றார் தேவப்பிரியம். "செவிலியர் செய்ய வேண்டியது ஒரு பொருள். நிர்வாகம் செய்ய வேண்டியது இன்னொரு பொருள். ரெண்டாம் பாதிய அடுத்த வருஷம் தனி அறிக்கையா கொண்டு வா. நானே வழிமொழியறேன்."

"அதுக்குள்ள அவ தாங்கணுமே மேடம்."

"முழுசா கொண்டு போனா முழுசா விழும். உன் இஷ்டம்."

செயற்குழு இன்னொரு வரியையும் சேர்த்திருந்தது. 'அவ்வாறு மூடுவது செவிலியரின் கவனக்குறைவாகக் கருதப்படும்.' பல்லில்லாத விதியை யார் மதிப்பார்கள் என்றார் தேவப்பிரியம். அதே பல் அடுத்த ஆண்டு நிர்வாகத்தையும் கடிக்கும் என்று செங்கொடி நம்பினாள். சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை ஜஹானாராவைப் பார்க்கப் போனாள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. புருஷன் ஐஸ் உடைக்கப் போயிருந்தான். வயிற்றில் நீர் சேர்ந்து, ஜஹானாரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பார்றா, எட்டு மாசம் மாரி கீதுல்ல?" என்று வயிற்றைத் தட்டிச் சிரித்தாள். "பேப்பரு இன்னாச்சு?"

"பாதி வருது. மீதி அடுத்த வருசம்."

"எந்தப் பாதி?"

செங்கொடி சொன்னாள்.

"அப்போ நான் பண்ணது தப்புன்றது மட்டும் இப்போ வருது."

"அப்டி இல்லடி. பாதி உள்ள பூந்துச்சுனா மீதி தானா வரும்."

"நீ சொன்னா சரிதான். நடந்தத எய்தி குட்றின்னு சொன்னதும் நீதான்."

1999 டிசம்பரில் பொதுக்குழு கூடியது. அறிக்கை ஒருமனதாக நிறைவேறியது. செங்கொடிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சாதாரண ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி எழுதி நிறைவேறிய முதல் அறிக்கை இது என்று மேடையில் சொன்னார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மூன்று மாதம் கழித்து அறக்கட்டளைக் குழு மேல்முறையீட்டை விசாரித்தது. நடத்தியவர் செயலாளர் வெள்ளத்துரை. நெல்லைப் பக்கத்துக்காரர், இரும்பு மொத்த வியாபாரம். மேசைமேல் பேரவையின் முத்திரையோடு அறிக்கை இருந்தது. ஊசி பெட்டியில்தான் விழ வேண்டும் என்ற வரி போதும் என்று நம்பி அதை அவருக்கு அனுப்பியவள் செங்கொடிதான்.

"நல்லா எழுதியிருக்கியம்மா," என்றார் வெள்ளத்துரை. "நான் ரெண்டு தடவ படிச்சேன். மூடி போடுதது கவனக்குறைவுன்னு போட்டிருக்கு. ஒங்க சங்கம் சொல்லுதது தானே?"

"ஆமா சார். ஆனா பெட்டி குடுக்கலன்னா..."

"பெட்டி நாங்க குடுக்கணும்னு இதுல எங்க இருக்கு? காட்டு."

அவள் காட்டவில்லை. காட்ட அதில் இல்லை.

"இந்தப் பிள்ள எழுதிக் குடுத்தத நான் வாசிக்கேன். மூடி மாட்டும்போது குத்தியது. இது அது கையெழுத்துதானா?"

ஜஹானாரா நாற்காலியில் இருந்தபடி தலையசைத்தாள். எழுந்து நிற்க முடியாது என்று அனுமதி வாங்கியிருந்தாள்.

கதவருகே நின்ற தாயம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, எம் மேல குத்தக் கூடாதுன்னுதான் அந்தப் பொண்ணு மூடுச்சு. எனக்காவத்தான்யா! நீ பெட்டி வாங்கி வெச்சிருந்தா அது ஏன் மூடுது?"

வெள்ளத்துரை கோபப்படவில்லை. "சரிம்மா. அப்ப ஆஸ்பத்திரி மூடச் சொல்லல. ஒனக்காக அதுவா இஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கு. அதத்தானே சொல்லுத?"

தாயம்மா விழித்தாள். "ஆமாங்க ஐயா."

"எழுதிக்கோங்க," என்றார் அவர் பக்கத்தில் இருந்தவரிடம்.

மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. வெளியே ஆட்டோவில் ஏற்றும்போது செங்கொடி கைத்தாங்கலாகப் பிடித்தாள். ஜஹானாரா கையை எடுத்துவிட்டாள்.

"படிச்சேண்டி. ஒரு தப்பு இல்ல. நாளைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு நல்லது." ஆட்டோ கிளம்பும்போது சொன்னாள்: "பொன்னாட எந்தக் கலரு?"

ஆகஸ்டில் அவள் செத்துப்போனாள். செங்கொடியை மையத்து வீட்டில் பார்த்ததும் புருஷன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய் நின்றான். அவள் கிளம்பிய பிறகுதான் உள்ளே வந்தான்.

அறக்கட்டளை அந்த அறிக்கையைப் பெரிதாக அச்சடித்து எல்லா வார்டுகளிலும் ஒட்டியது. அடியில் செங்கொடியின் பெயரும் இருந்தது. கவனக்குறைவு என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? நர்ஸுகள் மூடுவதை நிறுத்தினார்கள். பெட்டி வரவில்லை. மூடாத ஊசிகள் அதே கறுப்புப் பைக்குப் போயின. தாயம்மா பையை இடுப்பில் அணைக்காமல், உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துத் தூக்கப் பழகினாள். அப்படியும் குத்தியது. விரல்களில் கந்தல் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

தனி அறிக்கை அடுத்த ஆண்டு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் செயற்குழுவுக்கு அவசரமான வேறு பொருள்கள் இருந்தன. தேவப்பிரியம் ஓய்வு பெற்றார். செங்கொடி கிளைச் செயலாளர் ஆனாள், பிறகு செயற்குழுவுக்கும் வந்தாள். ஊசி அறிக்கை எழுதியவர் என்றுதான் அவளை அறிமுகப்படுத்துவார்கள்.

2004 டிசம்பரில் ஐந்தாண்டு மறுபரிசீலனை வந்தது. இரண்டாம் பாதியைச் சேர்க்க வேண்டும் என்று செங்கொடி முன்மொழிந்தாள். புதிய தலைவி ஞானம் பொறுமையாகக் கேட்டார்.

"சேர்க்கறதுக்கு ஒரு சம்பவம் காட்டணும் சிஸ்டர். பெட்டி இல்லாததால செவிலியர் யாருக்காவது குத்தியிருக்கா?"

"ஜஹானாராவுக்கு."

"அது மூடும்போது குத்தினது. நம்ம அறிக்கைப்படியே அது கவனக்குறைவு. வேற?"

"தாயம்மாவுக்கு மூணு தடவ குத்திடுச்சு. நாங்க மூடாததால."

"அவங்க செவிலியர் இல்லையே சிஸ்டர்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று கேட்டபோது செங்கொடி ஒருத்தியின் கைதான் மேலே போனது. மாற்றமின்றி இன்னும் ஐந்தாண்டுக்கு அறிக்கை உறுதி செய்யப்பட்டது.

மறுநாள் காலை ஷிஃப்ட். வேலைக்குப் புதிதாக வந்திருந்த பெனிஷா என்ற நாகர்கோவில் பெண் தட்டை ஏந்திக்கொண்டு கூடவே நடந்தாள். எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவருக்குச் செங்கொடி ஊசி போட்டாள். வார்டின் கோடியில் தாயம்மா பையின் வாயைக் கட்டத் தயாராக நின்றாள். செங்கொடி தட்டிலிருந்து மூடியை எடுத்தாள்.

"அக்கா, மூடப்பிடாதுல்லா? கவனக்குறைவுன்னு சுவத்துல போட்டிருக்கே." பெனிஷா தயங்கினாள். "நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமாம்மா. நான்தான் எழுதினேன்."

இடது கையில் மூடி. வலது கையில் ஊசி. ஐந்தாண்டாக விட்டுப்போன பழக்கம். மூடியை மாட்டி, கோடிவரை நடந்து தாயம்மாவின் பையில் போட்டாள். தாயம்மா அதைப் பார்த்தாள். பழைய நாளைப் போல, பையை இடுப்பில் அணைத்துத் தூக்கினாள். அடியில் மூடாமல் கிடந்த நேற்றைய ஊசிகளை அவள் மறந்துவிட்டாள்.

"அம்மாடி," என்று குனிந்து தொடையைப் பிடித்துக்கொண்டாள்.