பதினேழாம் நம்பர் தவளை

என் எச்சிலைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இது தவளை இல்லை என்று எழுத்தில் உறுதி செய்த ஆய்வுகூடத்துக்கு நான் இன்றும் நன்றியுள்ளவன். என் மனைவிக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

வேலை சுலபமானதுதான். பெருவிரல் நகத்தளவே இருக்கும் ஒரு பழுப்புத் தவளையைப் பிடிக்க வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியால் அதன் வயிற்றை மெதுவாகத் தடவ வேண்டும். குச்சியைச் சின்னக் குழாயில் போட்டு, இலக்கம் எழுதி, தவளையைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இதற்கு மூன்று கைகள் தேவை. எனக்கு இருப்பது இரண்டு. ஆகவே பதினேழாவது தவளை துள்ளியபோது குச்சியை வாயில் கவ்விக்கொண்டேன், பஞ்சுப் பக்கமாக. வாயில் வெற்றிலை இருந்தது.

சில வாரம் கழித்து மிஸ் வந்தார்.

"அண்ணே, பதினேழாம் நம்பர் தவக்கள மனுசனாம்."

"அப்படியா மிஸ்?"

"வெத்தல போடுற மனுசனாம்."

மிஸ் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்து, பல்கலைக்கழகம் போய், அழிந்துகொண்டிருக்கும் இந்தத் தவளையை ஆராய எங்கள் தோட்டத்துக்கு வந்தவர். என்னைவிட வயதில் மிகவும் இளையவர். நான் உயர்தரப் பரீட்சையில் உயிரியலை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டைவிட்டவன். நான் வரைந்த தவளையைப் பார்த்து ஆசிரியர், "இது என்ன, உருளைக்கிழங்கா?" என்று கேட்டார். உருளைக்கிழங்குக்குப் பேர்போன நுவரெலியா மாவட்டத்தில் அது பாராட்டுத்தான் என்று எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்டவனை மிஸ் உதவியாளனாக வைத்துக்கொண்டதற்குக் காரணம், தவளை எந்தச் செடியில் தூங்கும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான். நானும் வேலை நேரத்தில் அங்கேதான் தூங்கியிருக்கிறேன்.

வட்டகொடையைத் தாண்டும் ரயிலிலிருந்து பார்த்தால் எங்கள் ஏழாம் நம்பர் மலை தெரியும். உச்சியில் ஒரு காடு. அடியில் ஓடையோரம் சின்னதாய் இன்னொரு காடு. நடுவில் முழுக்கத் தேயிலை. மேல்காட்டிலும் தவளை, கீழ்க்காட்டிலும் தவளை. கீழ்க்காட்டை வெட்டி, எங்கள் லயத்து ஆட்களுக்குத் தனிவீடு கட்டித் தருவதாக முடிவாகியிருந்தது. பட்டியலில் நாங்களும் இருந்தோம். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் நாலு பேர் இருக்கிறோம். பக்கத்துக் காம்பராவில் தும்மினால் எங்கள் வீட்டில் 'நூறு வயசு' என்போம். பட்டியலைப் பார்த்த அன்றே என் மனைவி வாசலின் எந்தப் பக்கம் ரோசாச் செடி என்று தீர்மானித்துவிட்டாள்.

மிஸ் மறைக்காமல் சொன்னார்.

"கீழ இருக்கிறது தனி வம்சம்னா, அதுக்கு ஒலகத்துல வேற வீடே இல்ல அண்ணே. அந்தக் காட்டுல கை வைக்க வேணாம்னுதான் எழுதுவேன். மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் ஒரே குடும்பம்னா, பத்திரமா மேல கொண்டு விட்டுட்டு வீடு கட்டலாம்."

"எங்க வீடா மிஸ்?"

"உங்க வீடுந்தான். நானும் லயத்துல பொறந்தவதான் அண்ணே. வீடு வேணாம்னு எழுத எனக்கு மட்டும் ஆசையா?"

தனி வம்சமா, ஒரே குடும்பமா என்று சொல்லப்போவது மரபணுவில் இருக்கும் அடையாளங்கள். எங்கள் லயத்தில் ஒரு பிள்ளையின் மூக்கைப் பார்த்தே இது இன்னார் வீடு என்று சொல்லிவிடுவார்கள். தவளைக்கு மூக்கை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதன் மரபணுவில் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் சில இடங்கள் இருக்கின்றன. அவற்றை ஒப்பிட்டால் யார் யாருக்குச் சொந்தம், யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதற்குத்தான் பஞ்சுக் குச்சி.

இரண்டாவது தடவை வெற்றிலை போடாமல் வேலை செய்தேன். மாலையில் குழாய்களைக் காம்பராவுக்குக் கொண்டுவந்து கட்டிலில் பரப்பினேன். இரண்டு பைகள். ஒன்றில் 'மே', மற்றதில் 'கீ'. நாலைந்து மேல்காட்டுக் குழாய்களின் எழுத்தை மாற்றிக் கீழ்க்காட்டுப் பையில் போட்டால் இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும். அதற்கு உயிரியல் பாஸாகத் தேவையில்லை. பேனாவை எடுத்தேன். எடுத்தது உண்மை.

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். குழாய்களைக் குனிந்து பார்த்தாள்.

"இதுக்குள்ளயாங்க இருக்கு நம்ம வீடு?"

"ஆமா."

தேத்தண்ணியைக் கட்டிலில் வைக்காமல் தூரமாக, அலமாரி மேல் வைத்தாள். "கொட்டிறாதீங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் யோக்கியன், அதனால் பேனாவை மூடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் காலையில் பிடித்த தவளையொன்றின் நெஞ்சு என் விரல் நுனியில் அடித்துக்கொண்டது, அந்தத் துடிப்பு இன்னும் விரலைவிட்டுப் போகவில்லை. அந்த விரலால் எழுத வரவில்லை.

முடிவு வந்தது. இரண்டும் ஒரே குடும்பம். லயத்தில் பட்டாசு வெடித்தார்கள். மிஸ் மட்டும் சிரிக்காமல் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இவ்வளவு பெரிய மலைய அது எப்படித் தாண்டும்? வெயிலு, மருந்தடிச்ச மண்ணு. நாலு செடி தாண்டுறதுக்குள்ள காஞ்சு போயிரும். ஆனா இப்பவும் மேலயிருந்து கீழ வந்துகிட்டே இருக்குன்னு காட்டுது."

"பஸ்ல வந்திருக்கும் மிஸ்."

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "குழாய நீங்க மாத்தலயே?"

இல்லை என்றேன். ஆனால் நான் யார்? பெரட்டுக்களத்தில் காலையில் வேலை பிரிக்கும்போது, 'கண்டாக்கையா கூப்பிடுறாரு' என்று மேலதிகாரியின் பேரில் பொய் சொல்லி, கணக்கப்பிள்ளையையே மேட்டுக்கு ஓடவிட்டவன். வாழ்நாளெல்லாம் சிரிப்புக்காகப் பொய் சொல்லிவிட்டு, ஒருநாள் உண்மை சொன்னால் அது என் வாயிலேயே ஒட்டாமல் விழுகிறது. எனக்கே நான் சொன்னதில் நம்பிக்கை வரவில்லை.

அன்று மாலை காம்பரா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே மனைவியும் கேட்டாள்.

"மாத்திட்டீங்களா?"

"நீயுமா?"

"கேட்டேன். மாத்தியிருந்தா திட்ட மாட்டேன்."

"மாத்தல. மாத்தப் போனேன். மாத்தல."

அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். "மாத்தாததுக்கும் திட்ட மாட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயம்தான் என்று இருவரும் ஏற்றுக்கொண்டோம்.

மிஸ் மறுபடி எல்லாத் தவளைகளையும் தன் கையாலேயே தடவினார். எனக்குப் பை தூக்கும் வேலை மட்டும். பேசாமல் தூக்கினேன், நான் பேசாமலிருப்பதைப் பார்த்துப் பயந்து, வழியில் கண்டவர்கள் காய்ச்சலா என்று கேட்டார்கள். மத்தியானம் கீழ்க்காட்டை ஒட்டி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஓய்வுக்கு நின்றோம். பெண்கள் கூடையைச் சாக்கில் கொட்டி முற்றல் இலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் மனைவியின் விரல் சட்டென்று நின்றது. கொழுந்துக்குள்ளிருந்து எதையோ இரண்டு கையாலும் அள்ளி, காட்டோரம் நாலு எட்டு இறங்கி, ஈரமான புதரடியில் வைத்தாள்.

"போ, போ. யார் காலுலயும் மிதிபட்டுறாத."

மிஸ் கையிலிருந்த தேத்தண்ணி அப்படியே நின்றது.

"அண்ணி, அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"மேல காட்டோரத்து நெரையிலேர்ந்து. காலையில செடி மேல தூங்கிக்கிட்டு இருக்கும், கொழுந்தோட சேந்து கூடைக்குள்ள வந்துரும்."

"எப்பவும் இங்கதான் விடுவீங்களா?"

"பின்ன, மறுபடி பஸ் ஏத்தியா அனுப்புவேன்? இங்க கொட்டினாத்தான கண்ணுக்குத் தெரியுது. கொழுந்தோட பெக்டரிக்குப் போனா வெந்துறாதா பாவம்? நாங்க எல்லாருமே இப்படித்தான் மிஸ். எங்க மாமியாரும் இப்படித்தான்."

மிஸ் அப்படியே கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மிஸ்! கொழுந்து நசுங்குது!" என்று கணக்கப்பிள்ளை கத்தினார். மிஸ் எழும்பவில்லை. என்னைப் பார்த்தார்.

"மன்னிச்சிருங்க அண்ணே."

"பஸ்ஸுன்னு சொன்னேன்ல மிஸ். கூடைன்னு சொல்லத் தெரியல, அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். அங்கே வெங்காயம் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியிடம் கேட்டேன். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டீங்களா? தவக்கள எஞ்சினியர் நீங்களாச்சே."

புதிய முடிவும் பழையபடியேதான் வந்தது. மிஸ் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: சின்னக் காட்டில் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கட்டி அந்தத் தவளைகள் எப்போதோ நோஞ்சானாகி முடிந்திருக்க வேண்டும், கூடையில் வந்திறங்கிய புது ஆட்கள்தான் அவற்றை உயிரோடு வைத்திருக்கிறார்கள். நான் மாமன் மகளைக் கட்டியவன். எனக்கு அந்த விளக்கம் கொஞ்சம் உறுத்தியது. "அதான் இவரு இப்படி" என்றாள் மாமன் மகள்.

ஓடையோரம் ஒரு பட்டை காட்டை அப்படியே விட்டுவிட்டு, மற்ற இடத்தில் வீடு கட்டலாம் என்று மிஸ் எழுதினார். வெட்டத் தொடங்குமுன் பெண்கள் வரிசையாக நின்று, வெட்டப்போகும் பகுதியைத் தடவித் தடவித் தவளைகளைப் பிடித்தார்கள். நான் ஒன்று பிடிப்பதற்குள் அவர்கள் ஐந்து பிடித்தார்கள். எல்லாவற்றையும் கூடையில் ஈர இலை பரப்பி மேல்காட்டுக்குச் சுமந்தார்கள்.

எங்கள் வீட்டுச் சுவர் இப்போது இடுப்பளவு நிற்கிறது. மீதி அடுத்த மாதம் என்கிறார்கள். எந்த வருடத்து அடுத்த மாதம் என்று நான் கேட்பதில்லை. ரோசாச் செடி மட்டும் நட்டாயிற்று, கூரை இல்லாத வீட்டுக்கு வலப் பக்கம். ஓடையோரப் பட்டையிலிருந்து பொழுது சாயும்போது, அங்கேயே தங்கிவிட்ட தவளைகளின் 'டிக், டிக்' சத்தம் வரும்.

கொழுந்தில் தவளை வருவது நிற்கவில்லை. மிஞ்சிய பட்டையில் இடம் போதாது, இனிக் கீழே விட வேண்டாம், மேலேயே சேர்த்துவிடுங்கள் என்று மிஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே என் மனைவி ஓட்டை போட்ட சாப்பாட்டு டப்பாவில் ஈர இலை வைத்து அதை எனக்குக் கொண்டுவருகிறாள்.

"இந்தாங்க, உங்க சொந்தக்காரரு வந்திருக்காரு. பதினேழாம் நம்பரு."

எல்லாத் தவளையும் அவளுக்குப் பதினேழாம் நம்பர்தான். மலை ஏறுவதைத் தவிர்க்கத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள், நகத்தளவு உறவினர் ஒருவரை டப்பாவில் வைத்துக்கொண்டு, மூச்சிரைக்க ஏழாம் நம்பர் மலை ஏறுகிறேன். பாதி வழியில் நின்று மூடியைத் திறந்து பார்ப்பேன். அதன் நெஞ்சும் என் நெஞ்சும் ஒரே வேகத்தில் அடித்துக்கொள்ளும். கீழே, இடுப்பளவுச் சுவரில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி கையை வாயோரம் குவித்துக் கத்துவாள்:

"மறந்துபோய் வாயில கவ்விறாதீங்க!"