ஞாயிற்றுக்கிழமை வீடு

என் மகள் ரூத் மூச்சுக்குத் தவித்ததை என் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது அவளுக்கு ஆறு வயது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். நெஞ்சுக்குள்ளே விசில் சத்தம் கேட்கும். "அம்மா" என்று கூப்பிடக்கூட மூச்சு போதாது. என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். இன்றைக்கு அவளுக்குப் பதினைந்து வயது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள்தான். ஆண்டவர் எங்களுக்குச் செய்ததை அவரை நம்புகிற நீங்கள் எல்லோரும் கேட்க வேண்டும். அதில் என் அசட்டுத்தனமும் இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் சாட்சி ஆகாது.

என் பெயர் மார்த்தாள். என் வீட்டுக்காரர் சாமுவேல் மேஸ்திரி. கோயமுத்தூரில் மில் முதலாளிமார் பங்களாக்களுக்கெல்லாம் அவர் சுவர் எழுப்பியிருக்கிறார். நான் அவருக்குக் கல்லும் கலவையும் சுமந்த சித்தாள். ஊரார் வீட்டையே கட்டிக்கொண்டிருந்த நாங்கள் 1955இல் சரவணம்பட்டியில் ஐந்து சென்ட் நிலம் வாங்கி எங்களுக்கென்று ஒரு வீடு கட்டினோம். கூலி வேலை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கிற மட்டும் இரண்டு பேரும் கட்டினோம். கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைத்தது நான். காவித் தரையைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி செய்ததும் நான். குடிபோன அன்று ஜெபிக்க வந்த எங்கள் சபை ஐயர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்ன, பங்களாவாட்ட இருக்குது!" என்றார். அந்த வார்த்தை என் தலைக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு ஜின்னிங் ஃபேக்டரி வந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஆலை. மாசியில் மெசின் ஓட ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் ஓடும். பஞ்சு தூசி ஓட்டின்மேல், கொடித் துணிமேல், சோற்றின்மேல் எல்லாம் வந்து விழும். ரூத்துக்கு இழுப்பு வந்தது அந்தப் பஞ்சில்தான். பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: இந்தக் காற்றை விட்டுப் போனால்தான் பிள்ளை தேறும். கொடுமுடியில் என் அக்கா வீட்டில் அவளைப் பத்து நாள் விட்டுப் பார்த்தோம். காவிரிக் கரைக் காற்றில் இழுப்பே வரவில்லை. ஆனால் அம்மா வேண்டும் என்று சாப்பிடாமல் கிடந்தாள். திரும்பக் கூட்டி வந்த மூன்றாம் நாளே நெஞ்சில் விசில் ஊத ஆரம்பித்துவிட்டது.

1959 மாசியில் வீட்டை விற்றுவிட்டுக் கொடுமுடிக்கே போய்விடுவது என்று முடிவு செய்தோம். விலையை நான் சொன்னேன், ஐயாயிரம். ஏன் ஐயாயிரம்? மெயின் ரோட்டில் ஒரு வீடு ஐயாயிரத்துக்குப் போயிருந்தது. அந்தச் சுவர் எங்கள் சுவரின் கால்தூசி பெறாது.

"அது ரோட்டு மேல இருக்குது மார்த்தா, நம்முளுது ஃபேக்டரிக்குப் பொறவால கெடக்குது. கொஞ்சம் எறக்கிச் சொல்லுவோம்" என்றார் அவர்.

"ஒரு நயா பைசா எறக்கக் கூடாதுங்க. இது என்ற கை பட்ட ஊடு" என்றேன்.

அப்படியானால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொடுமுடியில் வாடகைக்கு இருக்கலாம் என்றார். சொந்த வீட்டுக்காரி வாடகை வீட்டுக்குப் போவதா என்று குதித்தேன். பாவம், அவர் வாயை மூடிக்கொண்டார். ஜெபத்திலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆண்டவரே, ஐயாயிரம் கொடுக்கிற ஆளை அனுப்பும்" என்று தினமும் முழங்காலில் நின்றேன். ஆண்டவருக்கே விலை சொன்ன பொம்பளை நான்.

இன்னொன்றும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரிக்கு லீவு. அதனால் யார் வீடு பார்க்கக் கேட்டாலும், "ஞாயித்துக்கெழம வாங்க, அன்னைக்குத்தான் ஊட்ல இருப்போம்" என்பேன். சனிக்கிழமை மெசின் நின்றதும் ஏணி வைத்து ஏறி ஓட்டுமேலிருக்கிற பஞ்சைக் கூட்டுவேன். வாசல் வேப்பங்கன்றின் இலையை ஈரத்துணியால் துடைத்திருக்கிறேன். இதை எழுதும்போது ரூத் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். மறுநாள் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சேலையோடு நின்று வீட்டைக் காட்டுவேன்.

பங்குனியில் ஒரு வாத்தியார் வந்தார். தரையைப் பார்த்து அசந்துபோனார். விலைக்கும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று, புதன்கிழமை அச்சாரத்தோடு வருவதாகச் சொன்னார். சொன்னபடி மனைவியோடு வந்தார். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொடுத்த மோரில் பஞ்சு வந்து விழுந்தது. அந்தம்மா சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டார். உள்ளே ரூத் இருமுகிற சத்தம் வேறு.

வாத்தியார் என்னைப் பார்த்து, "ஏனுங் அம்மணி, அன்னைக்கு இதைச் சொல்லவே இல்லீங்களே?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அச்சாரத்தைக் கொடுக்காமலேயே இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஊரில் பெயரே வைத்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வீடு என்று. பார்க்க ஆள் வருவதும் நின்றுபோனது. சித்திரை போனது, வைகாசி வந்தது. ரூத் ஓடி விளையாடுவதை விட்டாள், பிறகு பள்ளிக்கூடம் போவதையும் விட்டாள். ஒரு சனிக்கிழமை அவள் உதடு நீலமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வந்த லாரியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டு, மறுநாள் மத்தியானம் அனுப்பினார்கள்.

அது ஞாயிற்றுக்கிழமை. மெசின் ஓடவில்லை. சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்தோம். ரூத் தானும் ஜெபிக்கிறேன் என்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்:

"இயேசப்பா, நாளைக்கும் ஞாயித்துக்கெழமையாவே இருக்கோணும். தெனமும் ஞாயித்துக்கெழமையா இருக்கோணும். அப்பத்தான் எனக்கு மூச்சு வருது."

என் பிள்ளைக்கு மூச்சு கிடைத்தது வாரத்தில் அந்த ஒரு நாள். அந்த ஒரு நாளைத்தான் நான் ஊரை ஏமாற்ற வைத்திருந்தேன். என் மகள் மூச்சைக் கேட்கிறாள், நான் ஐயாயிரத்தைக் கேட்கிறேன். இரண்டு ஜெபமும் ஒரே கூரையிலிருந்து ஆண்டவரிடம் போயிருக்கிறது!

இத்தனைக்கும் நான் மாட்டுத் தரகர் மகள். மாட்டின் உடம்பில் முடி சுழித்திருக்கிற இடத்தைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்தில் மாடு வாங்குவார்கள். கெட்ட சுழி இருந்தால் விலை இறங்கும். என் அப்பா சந்தையில் முதல் காரியமாக அந்தச் சுழியைத்தான் காட்டுவார். விலை பேசுவது பிறகுதான். சுழியை மறைத்து விற்ற மாடு விற்றவன் வாசலுக்கே திரும்பி வரும் என்பார். அவருக்குப் பிறந்துவிட்டு நான் வேப்பிலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அழுதேன், வெட்கமில்லாமல் சத்தமாகவே அழுதேன். "ஆண்டவரே, இனி உமக்கு நான் விலை சொல்ல மாட்டேன். வீடு எதற்குப் போகுமோ அதற்குப் போகட்டும். என் பிள்ளைக்கு மூச்சைக் கொடும்" என்று ஜெபித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அன்றைக்குத்தான் தொகை சொல்லாமல் ஜெபித்தேன்.

மறுநாள் மெசின் ஓட ஆரம்பித்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, நம்ம ரெண்டு பேரும் ஊடு வாங்க வந்தவங்கன்னு வெச்சுக்குவோம். வாங்க, சுத்திப் பாக்கலாம்" என்றேன். வாசலிலிருந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தோம். அடுப்படி ஜன்னலில் பஞ்சு அப்பியிருந்தது. பேச வாயைத் திறந்தால் நாக்கில் ஒட்டியது.

"இப்பச் சொல்லு. நீயா இருந்தா எத்தனை குடுப்பே?" என்றார்.

கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த வீட்டை நானே வாங்க மாட்டேன்.

"நெலத்துக்கு ஒரு வெலை இருக்குது. செவுத்துக்கும் ஓட்டுக்கும் ஒரு வெலை இருக்குது. நாம பட்ட பாட்டுக்கு எவனும் வெலை குடுக்க மாட்டான் மார்த்தா. அதை நாம இருந்து அனுபவிச்சாச்சு" என்றார். நான்கு மாதமாக அடக்கி வைத்திருந்த பேச்சு அது. அவர் சொன்னது நியாயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கே தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் கேட்கச் சொன்னேன். "ஊடு பாக்கறவங்க மெசின் ஓடற நாள்ல வாங்க. பஞ்சு பறக்கும், சின்னக் கொழந்தைக்கு ஆகாது. ஐயாயிரம்னு சொன்னது தப்பு. பாத்துப்போட்டு நாயமான வெலை பேசலாம்."

"ஏன் அம்மணி, வெயிலு தலைக்கேறிப்போச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். இறங்கிப்போய்விட்டது என்றேன்.

வியாழக்கிழமை காலை வாசலில் ஒரு குரல் கேட்டது. காதர் ராவுத்தர். கோட்டைமேட்டுக்காரர். மாட்டுத் தீவனத்துக்காகப் பருத்திக்கொட்டை வியாபாரம் செய்கிறவர். வியாழக்கிழமைதோறும் ஃபேக்டரியில் கொட்டை ஏற்ற அவருடைய வண்டிகள் எங்கள் சுவர் ஓரமாகத்தான் வரிசையாக நிற்கும். சுவரில் வண்டி உரசுகிறது என்று நான் அவரோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

"மேஸ்திரி, ஊடு குடுக்கறதாக் கேள்விப்பட்டனுங்க. அம்மணி சண்டை புடிக்காதுன்னா உள்ள வாரேன்" என்றார்.

உள்ளே வந்தவரிடம் முதலில் சுழியைச் சொன்னேன். பஞ்சைச் சொன்னேன், பிள்ளையின் இழுப்பைச் சொன்னேன், வாத்தியாரை ஏமாற்றப் பார்த்ததையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அம்மணி, நான் குடியிருக்கவா கேக்கறேன்? கொட்டை எறங்கற எடத்துலதான் எனக்குக் கெடங்கு வேணும். மழையில மூட்டை நனைஞ்சு மொளைச்சுப் போறத நீங்களே பாத்திருக்கீங்க. உங்குளுக்குக் கெட்ட சுழி, எனக்கு அதுதானுங்க ராசிச் சுழி."

"அப்பறம் ஏனுங்க இத்தனை நாளா ஒரு வார்த்தை கேக்கலே?"

"ஐயாயிரம்னு ஊரே சொல்லுச்சுங்க. கொட்டை யாவாரி ஐயாயிரத்துக்கு எங்க போவான்? மாசி மாசமே வாசல் வரைக்கும் வந்தேன். வெலையக் கேட்டுப்போட்டு அப்பிடியே திரும்பிப் போயிட்டனுங்க."

சகோதர சகோதரிகளே, கேட்டீர்களா? நான் ஜெபிக்க ஆரம்பித்த மாசியிலேயே ஆண்டவர் ஆளை அனுப்பிவிட்டார். அந்த மனுஷனை வாசலிலேயே நிறுத்தி வைத்தது என் விலை. வாரம் தவறாமல் என் ஜெபத்தின் பதில் மாட்டுவண்டியில் வந்து நின்றது. நான் வெளியே போய் அதோடு சண்டை போட்டேன்.

ராவுத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காவித் தரையில் நடந்தார். குனிந்து கையால் தடவினார். "கண்ணாடியாட்ட இருக்குதே! இதும்மேல மூட்டை அடுக்க மனசு வரலீங்க" என்றார். அந்தத் தரைக்காக நான் முழங்கால் தேய்ந்தவள்.

"அடுக்குங்க ராவுத்தரய்யா. மூட்டைக்கு ஒண்ணும் ஆகாது, ஈரமே ஏறாத தரை" என்றேன்.

அவர் சந்தை வழக்கப்படி தோள் துண்டை எடுத்து என் வீட்டுக்காரர் கையின்மேல் போட்டார். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம், வாயால் சொல்வதில்லை. பேரம் நடக்கும்போது என் வீட்டுக்காரர் இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார். நான் குதிப்பேனோ என்று பயம். சரியென்று நான் தலையை ஆட்டினேன். துண்டு விலகியது, இரண்டு பேரும் சிரித்தார்கள். எத்தனைக்குப் போனது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஐயாயிரம் இல்லை. கொடுமுடியில் இரண்டு அறை வீடு வாங்கப் போதுமான விலை, இருவருக்கும் நியாயமான விலை. மீதி துண்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

ஆனியில் கிரையம் முடிந்து கொடுமுடிக்கு வந்தோம். அடுத்த மாசி வந்தபோது பயந்துகொண்டே ரூத்தின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு விசிலும் இல்லை. "விடும்மா, வெளையாடப் போகோணும்" என்று என் தலையைத் தள்ளிவிட்டு ஓடினாள். அன்றைக்கு நான் பண்ணின ஸ்தோத்திரத்தை அக்கம்பக்கமெல்லாம் கேட்டிருக்கும்.

உங்களில் யாராவது வீடு விற்காமல் தவிக்கிறீர்களா? வேறு எதற்காவது ஜெபித்துப் பதில் வராமல் இருக்கிறீர்களா? ஆண்டவரை நம்புங்கள், அவர் கேட்கிறார். ஆனால் விலையை அவர் கையில் விடுங்கள். உங்கள் சுழியை நீங்களே முதலில் சொல்லுங்கள். பிறகு வாசலில் யார் நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

நான் இன்னும் பெருமைக்காரிதான். போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் ரூத் தனியாக நின்று ஒரு கீர்த்தனை பாடினாள். கடைசி அடியை நீட்டிப் பாடினாள். நீட்டிக்கொண்டே போனாள். ஆர்மோனியக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஒரே மூச்சு. இவ்வளவு மூச்சு இந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன்.