மான்களை ஏசும் கார்மேகம்

“வா, வந்து முழுங்கு. ஒனக்கென்ன, விசா அடிக்கணுமா, மெடிக்கல் எடுக்கணுமா? திங்கிறதும் படுக்குறதுந்தான உத்தியோகம். ஏ பஞ்சவர்ணம், மூஞ்சியத் தூக்காத. மூஞ்சியத் தூக்குனா புல்லு இனிக்கவா போகுது?”

கார்மேகத்துக்குப் பொழுது இப்படித்தான் விடிகிறது. அபுதாபியிலிருந்து அல் அய்ன் போகும் சாலையை விட்டு மணலுக்குள் இறங்கினால் ஒரு பண்ணை. கம்பி வேலிக்குள் வளர்ப்பு மான்கள். தோளில் குதிரைமசால் புல்லுக் கட்டோடு, கயிறில்லாத சேப்டி ஷூவைத் தேய்த்துக்கொண்டு, கேட்டைத் திறக்கும்போதே ஏச ஆரம்பித்துவிடுவார். விசில் அடிக்க மாட்டார், கை தட்ட மாட்டார். அந்தக் கரகரத்த குரல் கேட்டால் போதும், மணல் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்தும் வன்னி மரத்தடியிலிருந்தும் அத்தனையும் ஓடி வரும். எவ்வளவு கெட்ட வார்த்தையோ அவ்வளவு வேகம். பிறந்த நாளிலிருந்து இந்த ஏச்சோடுதான் அவற்றுக்குத் தீனி வந்திருக்கிறது. அதைத் தாலாட்டு என்றே நினைத்துக்கொண்டனவோ என்னவோ.

பஞ்சவர்ணம் என்பது அவருடைய மாமியார் பெயர். தீனியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு எல்லோருக்கும் முன்னால் தின்று முடிக்கும் பெட்டை மானுக்கு அதை வைத்திருக்கிறார். கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல் படுத்தபடி பார்க்கிற ஒன்றுக்குத் தாசில்தார். கொம்பு பெருத்து, எதிரே நிற்பவனின் முழங்காலை முட்டுவதே வேலையாக இருக்கிற கிடாய்க்கு ஜெயசீலன்.

அசல் ஜெயசீலன் அபுதாபிக்குப் பக்கத்தில் முசஃபாவில் இருக்கிறார். அங்கே பண்ணை முதலாளிக்கு ஒரு பெரிய கராஜ் உண்டு. கார்மேகம் அதில் வெல்டராக இருந்தார், ஜெயசீலன் ஃபோர்மேன். இரண்டு பேருக்கும் ஒரு நாளும் ஒத்து வந்ததில்லை. கைக்குத் தோல் உறை கேட்டு ஆரம்பித்த சண்டை காலர் பிடிக்கிற வரைக்கும் போயிற்று. பெரிய முதலாளி நல்ல மனுஷர். விசாவை வெட்டி ஊருக்கு அனுப்பாமல், “இவன் வாய்க்கு ஆளுங்க லாயக்கில்ல, மானுங்ககிட்ட போய்ச் சண்டை போடட்டும்” என்று சிரித்துக்கொண்டே பண்ணைக்கு அனுப்பிவிட்டார். வந்த குளிர்காலத்திலேயே ஒரு குட்டி தாயில்லாமல் நின்றது. பாட்டில் பால் கொடுத்து, தன் போர்வைக்குள் படுக்க வைத்துக் காப்பாற்றினார். கால் ஊன்றியதும் அது செய்த முதல் காரியம் அவரையே முட்டியது. “பாலக் குடிச்சிட்டு முட்டுறான் பாரு. அதே கொணம்” என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் ஜெயசீலனை ஆசை தீரத் திட்டுகிற சுகம் அவருக்கு வாய்த்தது.

கோபம் வராத விஷயம் என்று கார்மேகத்துக்கு ஒன்று கிடையாது. குபூஸ் ரொட்டி முன்னைவிடச் சின்னதாகிவிட்டது என்று ஒரு பாட்டம். முதுகுளத்தூரில் மழை பெய்யவில்லை என்று மனைவி கருப்பாயி போனில் சொன்னால், அவள்தான் மழையைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி அவளிடம் ஒரு பாட்டம். எதைத் தொடங்கினாலும் “நான் ஒண்ணு கேக்குறேன்” என்றுதான் தொடங்குவார். பதிலுக்கு நிற்க மாட்டார்.

இத்தனை மான் வளர்க்கிறாரே, ஜீவகாருண்யக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி இல்லையென்றால் அன்றைக்குச் சமையல்காரன் தொலைந்தான். எலும்பை உடைத்து உறிஞ்சிவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஊரில் நாயைக் கூட்டிக்கொண்டு முயலுக்குப் போனவர்தான். நாளெல்லாம் அலைந்து வெறுங்கையோடு திரும்பிய கதைகளைத்தான் பெருமையாகச் சொல்லுவார்.

அவருடைய கோபமெல்லாம் வாயோடு வந்து வாயோடு போவதுதான். ஆனால் இரண்டாயிரத்தாறாம் வருஷக் குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது அப்படிப்பட்டதில்லை. அதைக் கேட்கிற எவனுக்கும் வயிறு எரியும்.

பெரிய முதலாளி வைத்தியத்துக்காக வெளிநாடு போயிருந்த நேரம். அவருடைய கடைசி மகன், எல்லோரும் சின்ன முதலாளி என்று சொல்லும் இளவட்டம், லேண்ட் குரூசரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பின்னாலேயே விஜயபாஸ்கர். கும்பகோணத்துப் பக்கம், அபுதாபியில் பெரிய கான்ட்ராக்டர், முதலாளிக்கு குடோன் கட்டிக் கொடுத்தவர். ஒரு கையில் வீடியோ கேமரா, மறு கையில் பத்து வயது மகள். பாட்டி பெயரான நாகவள்ளியை அவளுக்கு வைத்திருந்தார்கள். அவள் காலில் புத்தம் புது பூட்ஸ், தலையில் காட்டுக்குப் போகிறவர்கள் போடுகிற தொப்பி. சின்ன முதலாளி வண்டியின் பின்பக்கத்திலிருந்து துப்பாக்கியை எடுத்தார்.

“நம்மூர்க்காரரா நீங்க? நல்லதாப் போச்சு” என்றார் விஜயபாஸ்கர். “பாப்பாவுக்கு இன்னைக்கு ஃபர்ஸ்ட் ஹண்டிங். கம்ப்யூட்டர்ல சுட்டுக்கிட்டே கெடக்குறா. நெஜமா ஒண்ணு சுடட்டும்னு கூட்டியாந்தேன். பையன் இல்லேன்னு எவனும் என்னைப் பாத்து உச்சுக் கொட்டக் கூடாது பாருங்க.”

“எங்க சார் ஹண்டிங்கு?”

“இங்கதான்.”

“இங்க எதச் சார்?”

சின்ன முதலாளி வேலியைப் பார்த்து விரலை நீட்டினார். “ஹாதா, இது. பெரிய கொம்பு.” விரல் நின்ற இடத்தில் ஜெயசீலன் கம்பியில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கார்மேகத்துக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. “நான் ஒண்ணு கேக்குறேன் சார். வேலிக்குள்ள நிக்கிறதச் சுடுறதுக்குப் பேரு ஹண்டிங்கா? அப்ப கோழிக்கடக்காரன் பூராம் வேட்டக்காரன்தான?”

“அதெல்லாம் உனக்கெதுக்குப்பா?” என்றார் விஜயபாஸ்கர். நம்மூர்க்காரர் என்று தெரிந்தபோது வந்த ‘நீங்க’ அதற்குள் போய்விட்டது.

“கறி வேணுமா, சொல்லுங்க. ஆட்டுப்பட்டியில நல்ல கெடாயாப் புடிச்சுத் தாரேன். அறுத்துச் சாப்புட்டுப் போங்க.”

“திங்கிறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? குழந்தைக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் வேணும்.”

பசிக்குக் கொன்றால் கார்மேகம் ஒத்துக்கொள்வார். மான் தப்பித்து ஓட, விரட்டிப் பிடித்தாலும் ஒத்துக்கொள்வார். அனுபவத்துக்கு என்று ஒருவன் வந்து நின்றால் என்ன சொல்வது? என்ன ஜென்மம் இது?

கேமராவில் ஓடுகிற மான்தான் அழகாக இருக்கும் என்று விஜயபாஸ்கர் சொன்னார். வண்டி வேலிக்குள் நுழைந்தது, பின்னாலேயே கார்மேகமும். சின்ன முதலாளி ஹாரனை அலற விட்டு இரண்டு சுற்று சுற்றினார். அந்தச் சத்தத்தை அறியாத மான்கள் மணலைக் கிளப்பிக்கொண்டு, தூரத்து வன்னி மரங்களுக்கு ஓடி ஒடுங்கின. கார்மேகத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஓடுகிற மானை இந்தப் பிள்ளையா அடிக்கப் போகிறது? பிள்ளைக்குத் துப்பாக்கியைத் தூக்கவே முடியவில்லை. தண்ணீர் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் அவளை நிறுத்தி, பானெட்டில் ஒரு தலையணையைப் போட்டு, அதன் மேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் வெயிலில் நின்றால் சலித்துப்போய்த் தாமாகவே கிளம்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்.

“ரொம்பத் தூரமா இருக்கே” என்றார் விஜயபாஸ்கர். “நீதான தீனி வெக்கிறவன்? அந்தப் பெருச மட்டும் கிட்ட கூப்புடு.”

“வராது சார்.”

“கூப்புட்டுப் பாரேம்ப்பா.”

“நான் கூப்புட மாட்டேன் சார்.”

விஜயபாஸ்கர் கேமராவைக் கீழே இறக்கினார். “என்னமோ உன் சொத்து போற மாதிரி பேசுற? முதலாளி மான், முதலாளி பையனே சொல்றாரு. உனக்கு எங்க வலிக்குது? ரொம்பப் பேசினா அடுத்த ஃப்ளைட்ல ஊர்ல இருப்ப.”

அவ்வளவுதான். தலையில் கட்டியிருந்த துண்டை உருவி மணலில் அடித்தார் கார்மேகம். “அனுப்பு சார், நல்லா அனுப்பு. என் சொத்து இல்லதான். நான் ஒண்ணு கேக்குறேன், ஒஞ்சொத்தா? பாட்டில்ல பாலு குடுத்து வளத்தவன, நீயே கூப்புட்டு நிப்பாட்டு, எம்புள்ள சுடட்டும்னு சொல்றியே, ஒன் வாயி வெளங்குமா? பேதில போக. பொம்பளப் புள்ள கையில கருமத்தக் குடுத்து, அத வேற படம் புடிக்கிறான். எடுபட்ட பய. நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாவலாம்டா இதுக்கு.”

இத்தனை வருஷமாகக் குபூஸுக்கும் மழைக்கும் வீணடித்த கோபம் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் கொட்டியது. சரியான கோபம். கேட்க வேண்டிய கேள்வி. தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டே இருந்தவர், நாகவள்ளி தன்னைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தார். அவள் அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாடி, லுக். வருது.”

கார்மேகம் திரும்பினார். வன்னி மரத்தடியிலிருந்து அத்தனை மான்களும் அவர் குரலை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தன. காலைத் தீனிக்கு வருகிற அதே ஓட்டம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஜெயசீலன்.

சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நின்றது. பாவி, இதை எப்படி மறந்தோம் என்று அவருக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

“வராதுன்னியே” என்று விஜயபாஸ்கர் கேமராவைக் கண்ணில் வைத்தார். “திட்டுப்பா, இன்னும் திட்டு. நல்லா வருது.”

கார்மேகம் உதட்டைக் கடித்துக்கொண்டார். போ என்று கத்தினாலும் அது கிட்ட வரும். ஐயோ என்றாலும் வரும்.

“அங்கிள், அதுக்கு நேம் இருக்கா?” என்று கேட்டாள் நாகவள்ளி. கண்களாலேயே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவளுக்கு அது புரியவில்லை.

“வள்ளி, மூச்சப் புடிச்சுக்கோ. இப்ப அழுத்து.”

வெடித்தது. குண்டு எங்கேயோ மணலில் போய்ப் புதைந்தது. மற்ற மான்கள் பறந்தன. ஜெயசீலன் மட்டும் மரத்தடிக்கு ஓடவில்லை. பயந்தால் எங்கே போக வேண்டும் என்று அவனுக்குக் குட்டியிலிருந்து ஒரே ஒரு இடம்தான் தெரியும். நேராக ஓடி வந்து கார்மேகத்தின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையைச் செருகிக்கொண்டான். அவன் உடம்பு நடுங்கியதில் கார்மேகத்தின் காலும் ஆடியது.

சின்ன முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்” என்று, பரவாயில்லை என்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே இன்னொரு குண்டைப் போட்டு, துப்பாக்கியைத் தலையணை மேல் வைத்தார்.

“போதும் டாடி” என்றாள் நாகவள்ளி.

“ஒண்ணே ஒண்ணுடா கண்ணு. வீட்ல எல்லாருக்கும் காட்டணும்ல?” என்று அவளுடைய தோளைப் பிடித்து நிமிர்த்திய விஜயபாஸ்கர், கார்மேகத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். “தள்ளி நில்லுய்யா நீ.”

தள்ளி நின்றால் ஜெயசீலனும் கூடவே தள்ளி நிற்பான். அது கார்மேகத்துக்குத் தெரியும்.

அவர் கையை ஓங்கி அதன் முகத்தில் அறைந்தார். எத்தனையோ ஏசியிருக்கிறார், ஒரு நாளும் கை வைத்ததில்லை. ஜெயசீலன் கண்ணைச் சிமிட்டினான். பிறகு அறைந்த கையின் வேர்வையை நக்கினான். கார்மேகம் முஷ்டியை மடக்கிக் குத்தினார், விலாவில் உதைத்தார். கொஞ்சம் விலகி நின்று, என்ன தப்பு செய்தோம் என்று கேட்கிற முகத்தோடு பார்த்தது அது. தண்ணீர்த் தொட்டியடியில் கிடந்த சரளைக் கல்லை எடுத்து வீசினார். கல் எலும்பில் பட்ட சத்தம் அவருக்கே கேட்டது. அப்போதுதான் ஓடியது.

“ஓடுது, ஓடுது. இப்பச் சுடு வள்ளி” என்று பின்னால் விஜயபாஸ்கர் கத்தினார். வாளி உருண்டு விழுகிற சத்தமும், பிள்ளை தேம்புகிற சத்தமும் கேட்டன. கார்மேகம் திரும்பிப் பார்க்கவில்லை.

வன்னி மரங்களைத் தாண்டி, மணல் மேட்டின் உச்சியில் ஏறியதும் ஜெயசீலன் நின்றான். கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தான். பிறகு மெல்ல ஒரு காலை அவர் பக்கமாக எடுத்து வைத்தான்.

கார்மேகம் குனிந்து, முன்னதைவிடப் பெரிய கல்லாகப் பார்த்து எடுத்தார்.