எழுபத்தைந்து கிலோ தாங்கும் சுவர்

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். சுவரில் எதையாவது மாட்டுவதற்கு, ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளக் கேட்டு வருகிறவர்களிடம், "என்ன செவரு?" என்றுதான் முதலில் கேட்பேன். செங்கல்லா, கான்கிரீட்டா, ஹாலோ பிளாக்கா என்று தெரியாமல் கொடுத்துவிட்டால், பெயர்ந்துபோன ஸ்க்ரூவோடு மறுநாளே திரும்பி வருவார்கள். ஊரார் சுவரையெல்லாம் விசாரித்த நான், முத்தையாபுரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுச் சுவர் என்ன சுவர் என்று பார்த்ததில்லை.

என் கணவன் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். குடிக்க மாட்டான். அதனாலேயே, அடிக்கிறான் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"குடிக்காத மனுசன் சும்மாவா கை நீட்டுவாரு? நீ என்ன பேசுன?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்.

சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது என்று அவனிடம் சொன்னேன். அவ்வளவுதான் பேசியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அடி பொறுக்க முடியாமல், ஆறு வயது மகளை இழுத்துக்கொண்டு உள் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். ஒரே மிதி. தாழ்ப்பாள் நுழையும் கொண்டி, பிளாஸ்டிக் பிளக்கோடு சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து விழுந்தது. அன்று அவன் அறைந்ததில் என் இடது காது ஜவ்வு கிழிந்தது. அவன் வெளியே போன பிறகு சுவரிலிருந்த ஓட்டைக்குள் விரலை விட்டேன். உள்ளே வெறும் பொந்து. ஹாலோ பிளாக்.

மறுநாள் கடையில் நாலு ஸ்டீல் ஆங்கர் போல்ட், திருகுக் கம்பிகள், கல்லாக இறுகும் கெமிக்கல் பசை டியூப், அந்தப் பசை பொந்துக்குள் கொட்டிவிடாமல் பிடிக்கும் வலைக்குழாய், இரண்டு கனத்த இரும்புக் கொக்கிகள், ஒரு நீளமான இரும்புக் கம்பி எல்லாம் எடுத்து வைத்தேன். கடை முதலாளி அண்ணாச்சி பார்த்தார்.

"என்னம்மா மாட்டப் போற?"

"டிவி அண்ணாச்சி."

"எவ்ளோ வெயிட்டு?"

"எழுவத்தஞ்சு கிலோ."

"அவ்ளோ வெயிட்டுல ஏதும்மா டிவி?"

"அது சும்மா தொங்காது அண்ணாச்சி. மிதிக்கும்."

என் காதிலிருந்த பஞ்சை அவர் அப்போதுதான் கவனித்தார். எழுந்துபோய் டிரில்லிங் மெஷினைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "மத்தியானமே வீட்டுக்குப் போ" என்றார்.

கதவு அறையின் உள்பக்கமாகத் திறப்பது. குறுக்கே அந்த இரும்புக் கம்பியைப் போட்டுவிட்டால் தாழ்ப்பாளே தேவையில்லை; கம்பியைத் தாங்கும் கொக்கிகள்தான் சுவரை விட்டு வரக்கூடாது. வலப்பக்கம் கான்கிரீட் தூண். அதில் ஸ்டீல் போல்ட்டை முறுக்கினேன். இடப்பக்கம் பொந்துக்கல், அதே போல்ட்டை அங்கே முறுக்கினால் கல்லே உடைந்துவிடும். துளையிட்டு, தூசியை ஊதி எடுத்து, வலைக்குழாயைச் செருகி, கெமிக்கலை நிரப்பித் திருகுக் கம்பியைச் சொருகினேன். அது இறுகும்வரை தொடக்கூடாது. அவன் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் இறுக வேண்டுமே என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறுகியது. கொக்கிகளை மாட்டி, அவற்றின் மேல் மகளின் யூனிஃபார்மையும் என் நைட்டியையும் தொங்கவிட்டேன். அவன் கண்ணில் படவில்லை.

பத்து நாள் கழித்து, காலையில், பெல்ட்டோடு வந்தான். மகளோடு உள்ளே ஓடிக் கம்பியைப் போட்டேன்.

"ஏளா, கதவத் தொற. இன்னைக்கு ஒன்னக் கொல்லாம விடமாட்டேன்."

மிதித்தான். சுவரிலிருந்து பூச்சு உதிர்ந்தது. மறுபடி மிதித்தான். இடப்பக்கக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு சமையலறைக்குப் போய் அம்மிக்குழவியை எடுத்து வந்து இடித்தான். சுவர் தாங்கியது, கதவுதான் நடுவில் பிளந்தது. அந்தப் பிளவுக்குள் கையை விட்டுக் கம்பியைத் தூக்கப் பார்த்தான்.

கொக்கி மாட்டிய நாளிலிருந்து அந்த அறையிலேயே வைத்திருந்த சுத்தியல் என் கையில் இருந்தது. அடித்தேன். விரல் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவன் அலறினான், கையை இழுக்கப் பார்த்தான், மரச் சிம்பில் மாட்டிக்கொண்டது. மறுபடியும் அடித்தேன். முதல் அடி பயத்தில் அடித்தது. இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது. மகளிர் காவல் நிலையத்தில் கேட்டபோதும் அதை மறைக்கவில்லை.

தெருவே கூடிவிட்டது. அவனுடைய அண்ணன் வந்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பக்கத்து வீட்டு அக்கா பிளந்த கதவையும் கீழே கிடந்த குழவியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் வாரேன் ஒங்கூட ஸ்டேஷனுக்கு" என்றாள். வந்தாள். பார்த்ததைச் சொன்னாள்.

அவனும் என்மீது புகார் கொடுத்தான். இரண்டு வழக்குகளும் இழுத்தடித்து, கடைசியில் விவாகரத்தில் முடிந்தன. மகள் என்னிடமே இருக்கிறாள்.

கதவு பிளந்த அன்று சாயங்காலம் ஆறுமுகநேரியில் என் அக்கா வீட்டுக்குப் போனோம். பஸ்ஸில் மகள் என் மடியில் படுத்திருந்தாள். "அப்பாவுக்குக் கை வலிக்குமா?" என்று கேட்டாள்.

"வலிக்கும்" என்றேன்.

"வலிக்கட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து விசும்பத் தொடங்கினாள். நானும் அழுதேன்.